மணல்வாளியின் அலமாரி

‘மணல்வாளி’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது தையல்கடையில் காத்திருந்தபோது. எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், “இன்னைக்கு மணல்வாளி என்னைத் திருப்பி அனுப்பிடுச்சுடி. கை கழுவிட்டுப் போனேன், அது ஒரு குத்தமா?” மற்றவள், “நான் தும்மினதுக்கே வெளிய நிறுத்திச்சு, உனக்கு என்ன,” என்றாள். பிறகு இருவரும் மாறி மாறி நடித்துக் காட்டிக்கொண்டார்கள். புறங்கையால் எதிராளியின் உள்ளங்கையைத் தொடுவது, தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசிப்பது, மூக்கைச் சுருக்கிக்கொண்டு “காயல. போய்க் காய வச்சுட்டு வா” என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புறங்கை எங்கள் வீட்டுப் புறங்கை. அன்று காலையில்தான் என் கையையும் அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போயிருந்தது. என் நாத்தனார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

கல்லூரியில் வேதியியல் துறையின் ஸ்டோர் அவள் பொறுப்பு. பாட்டில், குடுவை, அமிலம் எல்லாம் உண்டு என்றாலும் அவளுடைய உயிர் ஒரே ஒரு இரும்பு அலமாரியில் இருந்தது. அதற்குள் இருந்தவை உலோகம்தான், ஆனால் நாம் பார்த்த உலோகம் இல்லை. வெண்ணெயைப் போலக் கத்தியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் கறுத்துப்போகும். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் எண்ணெய்க்குள், பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்குள், அமிழ்த்தி, பாட்டிலை மூடி, பாட்டிலை மணல் நிரப்பிய டின்னுக்குள் இறக்கி வைத்திருப்பாள். எனக்குப் படிப்பு குறைவு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேசுவது இதைத்தான். மற்ற வீட்டில் நாத்தனார் அண்டை வீட்டுக் கதை சொல்வாள். எங்கள் வீட்டில் அலமாரிக் கதை.

“சோடியம் இருக்கானே, அவன் சாது அண்ணி. கோபம் வரும், போயிடும். பொட்டாசியம் எங்க அப்பா மாதிரி. எப்ப வரும்னு தெரியாது. லித்தியம்தான் ரோதனை. எண்ணெய்ல போட்டா மூழ்க மாட்டான், தலையைத் தூக்கிக்கிட்டு மிதப்பான். அவனை மட்டும் வாசலின்ல புதைச்சு அமுக்கி வைக்கணும்.”

“உங்க அண்ணன் இதுல எந்த ரகம்?” என்று நான் கேட்டேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரை அவள் ஒரு நொடி அளந்தாள். “அண்ணன் எண்ணெய்,” என்றாள்.

அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எண்ணெய்.

வீடு அவர்களுடைய பெற்றோர் விட்டுப்போனது. அண்ணன் தங்கை இருவருக்கும் பொது. முன்பக்கத்து அறை அவளுடையது, மற்றவை எங்களுடையவை, சமையலறை ஒன்று. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை பேச்சு வந்தது. பையனின் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்ததுமே, “இங்க எங்கயாவது மண்ணெண்ணெய் கொட்டியிருக்கா?” என்று கேட்டாள். “கொட்டல. நான்தான்,” என்றாள் இவள். பேச்சு அங்கேயே நின்றது. அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. “இந்த வாசனையே ஆகாதவங்களோட எப்படிக் குடித்தனம் பண்றது,” என்று மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

பட்டப்பெயர் காரணத்தோடுதான் வந்தது. இந்த உலோகம் பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றக் கூடாது. மணலைத்தான் கொட்ட வேண்டும். அதுவும் நன்றாகக் காய்ந்த மணல், ஸ்டோரில் வாளி வாளியாக எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கல்லூரி மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருந்ததால் எங்கள் மொட்டைமாடியில் துணி விரித்து மணலைச் சலித்துக் காயவைப்பாள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அது வசதியாகப் போயிற்று. வாரத்துக்கு ஒரு சண்டை.

“உங்க பூனையைக் கட்டி வைங்க.”

“பூனையை எப்படிங்க கட்டறது? நீங்க மணலைக் கட்டி வைங்க.”

“என் மணல் ஒரு உசுரைக் காப்பாத்தும். உங்க பூனை எதைக் காப்பாத்தும்?”

“எலி பிடிக்கும். நீங்க பிடிப்பீங்களா?”

கெட்டுப்போன மணலைக் கொட்டிவிட்டுப் புதுமணல் சலிக்க ஆரம்பிப்பாள். முகத்தில் சலிப்பு என்பதே இருக்காது.

மழை நாளில் காலையில் வழக்கம்போல் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஸ்டோரைத் திறப்பது மத்தியானம்தான். குடையைக் கட்டடத்துக்கு அந்தக் கோடியில் வைத்துவிட்டு, நடையில் மின்விசிறிக்குக் கீழே தூண் மாதிரி நிற்பாள். அந்த வழியாக வந்த பிரின்சிபால், “என்னம்மா, இன்னும் வேலையை ஆரம்பிக்கலையா?” என்று கேட்டாராம். “ஆரம்பிச்சாச்சு சார். காஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் மாமியார் வழியில் ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. மாமியாரின் தம்பி ஒருவர், அளவு சின்னதாகச் செருப்பு வாங்கிவிட்டார். கடையிலேயே மனைவி சொல்லியிருக்கிறாள், இது கடிக்கும் என்று. கடிக்காது என்றார். அந்தச் செருப்பு தேய்ந்து தீரும்வரை நொண்டிக்கொண்டே நடந்தார், கடிக்கிறது என்று சொல்லவே இல்லை. கேட்டால், “என் நடையே இப்படித்தான்” என்பார். மாமியாரும் அப்படி. மாமியாரின் அத்தை ஒருத்தி அதற்கும் மேல். பிள்ளைகள் இருவரில் அந்த ரத்தம் முழுசாக இறங்கியது என் நாத்தனாருக்குத்தான்.

அவளுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, யார் எதைக் கேட்டாலும் ஸ்டோரில் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. இன்னொன்று, அவள் அலமாரியில் எதுவும் கெட்டதில்லை. வாரம் தவறாமல் டின்களை இறக்கி, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எண்ணெய் ஒரு விரல் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவாள். சோடியத்தின் மேல் நாள்பட்டால் வெள்ளையாக ஓடு கட்டும். கத்தியால் சீவித் தள்ளினால் உள்ளே புது வெள்ளிக் கரண்டி போலப் பளபளக்கும். அதை எத்தனை தடவை செய்திருப்பாளோ, கணக்கில்லை. “மேல அழுக்கு, உள்ள தங்கம்” என்பாள். மனிதர்களைப் பற்றி அப்படி ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

என் மகளுக்கு அந்தத் துறையிலேயே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அத்தை சொல்லித்தான் கிடைத்தது. அதை மறைக்க மாட்டேன். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்புவார்கள். இளையவளின் கையில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணெண்ணெய் வாசனை ஏறியது. “அத்தை, நமக்கு ஒரே சென்ட்டு,” என்பாள் என் மகள். நாத்தனாருக்கு அப்போது முகமெல்லாம் பூரிப்பு. தனக்கென்று பிள்ளை இல்லாதவள். அவளை நான் அப்போது குறை சொன்னதில்லை. நன்றியாகத்தான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு புது ஆசிரியை வந்து சேர்ந்தாள். சின்ன வயசு, மெதுவாகப் பேசுவாள். அலமாரியைப் பார்க்கக் கேட்டு, ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒன்றைக் கையில் எடுக்காமலே நின்றுவிட்டாளாம். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வந்த பொட்டாசியம் அது. பாடத்திட்டம் மாறிப்போனதால் யாருக்கும் வேண்டாமல் தங்கிப்போனது. எண்ணெய் விளிம்புவரை இருந்தது. ஆனால் உள்ளே இருந்த கட்டிகளின் மேல் மஞ்சளாக, சில இடங்களில் ஆரஞ்சாக ஓடு கட்டியிருந்தது.

“அம்மா, இது சோடியம் மாதிரி இல்ல,” என்று ஆசிரியை சொல்லியிருக்கிறாள். “எண்ணெய்க்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமா காத்து போகும். வருஷக்கணக்கா இருந்தா இந்த மஞ்சள் உண்டாகும். இது மேல கத்தியை வச்சு அழுத்தினா வெடிச்சுடும். அதுக்குத் தண்ணிகூடப் படவேண்டாம். இதை எடுத்துட்டுப் போக ஆளுங்களுக்குச் சொல்லிடறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்.”

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“என் அலமாரியில கெட்டதாம்! நான் என்னைக்காவது எண்ணெய் குறைய விட்டேனா? மூடியை லூசா வச்சேனா? நேத்து வந்தவ எனக்குச் சொல்றா.”

“அவங்க உங்களைச் சொல்லல அத்தை,” என்றாள் என் மகள். “அந்தப் பொட்டாசிய டப்பாவைச் சொன்னாங்க.”

“டப்பா வேற, நான் வேறயா?”

என் கணவர், “சரி சரி, சாப்பிடுங்க,” என்றார்.

எடுத்துப்போக வேண்டிய ஆட்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். அதற்குள் கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்சி நாள் வந்தது. வருஷா வருஷம் அதில் பிள்ளைகள் கத்திக் குதிப்பது ஒன்றுக்குத்தான். ஒரு துளி பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் ஊதாச் சுடரோடு நீர்மேல் ஓடும். புதுச் சரக்கு வந்து சேரவில்லை. துறைத் தலைவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்று, “பொட்டாசியம் இருக்குல்ல?” என்றார். இல்லை என்று சொல்லிப் பழகாதவள், இருக்கு என்றாள்.

அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால் கத்தியை என் மகளிடம் கொடுத்தாள். உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான். நடந்ததை என் மகள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

“அத்தை, அந்த மேடம் இதைத் தொட வேண்டாம்னாங்களே.”

“அந்த மேடம் பிறக்கறதுக்கு முன்னாடி வந்தது இது. மேல இருக்கற ஓட்டைச் சீவிட்டு ஒரு துண்டு எடு.”

“கண்ணுக்குப் போடற கண்ணாடி எல்லாத்தையும் ஹாலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“ரெண்டு சீவல். அதுக்கு எதுக்குக் கண்ணாடி? கையைக் காட்டு.”

புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். “காஞ்சிருக்கு. ம், சீவு.”

சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

அதற்குப் பிறகு என் நாத்தனார் செய்தது சரியாகத்தான் இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை, வாளியைத் தூக்கி மேசைமேல் கொட்டினாள், அடுத்த வாளியை என் மகளின் கோட்டில் பற்றிய தீயின்மேல் கொட்டினாள். பக்கத்து அலமாரி முழுக்க எரியும் திரவம். அதில் பிடித்திருந்தால் கட்டடமே போயிருக்கும், ஹாலில் அத்தனை பிள்ளைகள். எல்லாரும் சொன்னார்கள், மணல்வாளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று. ஆஸ்பத்திரி வாசலில்கூட யாரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

என் மகளுக்கு இடது கண் போய்விட்டது.

அவள் கட்டோடு படுத்திருக்கும்போதே விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், ஒரு மேசை. ஸ்டோரிலும் துறைத் தலைவரிடமும் முன்பே எச்சரித்ததைப் புது ஆசிரியை சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொன்னாரா என்று துறைத் தலைவரைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு நினைவில்லையாம். பெரிய மனிதர்களுக்கு நினைவு எப்போது போகும், எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. பிறகு என் நாத்தனாரைக் கேட்டிருக்கிறார்கள், “அந்தப் பொண்ணு கை ஈரமா இருந்துச்சா?”

“ஈரமாத்தான் இருந்திருக்கணும். கழுவிட்டு வந்திருப்பா,” என்றாள் அவள்.

ஆசிரியை, “அது ஈரத்தால வர்ற வெடிப்பு இல்ல,” என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். “நீங்க கையைப் பார்த்தீங்களா?” என்றார்களாம். இல்லை. “அவங்க கூடவே இருந்தவங்க. சொந்த அத்தை. பொய் சொல்வாங்களா?” கவனக்குறைவு என்று முடிவானது. என் மகளுக்கு வேலை போயிற்று. கண்ணுக்கு ஈடாக ஒரு வார்த்தைகூட அங்கிருந்து வரவில்லை. இதை அந்த ஆசிரியைதான் ஆஸ்பத்திரி நடையில் நின்று எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

நான் போய்ப் படுக்கையில் இருந்தவளிடம் சொன்னேன். “தொட்டுப் பார்த்தாங்களேம்மா,” என்றாள். அவ்வளவுதான்.

அன்றே வீட்டுக்கு வந்து சமையலறையில் நாத்தனாரை மடக்கினேன். தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அப்படிச் சொன்னே?”

“வேற என்ன காரணம் இருக்க முடியும் அண்ணி? எண்ணெய் நிறைய இருந்துச்சு. மூடி இறுக்கமா இருந்துச்சு. ஈரம்தான்.”

“நீ தொட்டுப் பார்த்தியா இல்லையா?”

“பார்த்தேன்.”

“காஞ்சிருந்துச்சா இல்லையா?”

காய்ந்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு சொன்னாள், “காஞ்சிருந்துச்சுன்னு சொன்னா, டப்பா கெட்டுப்போச்சுன்னு ஆயிடும். டப்பா கெட்டுப்போச்சுன்னா, நான் இத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?”

“என் பொண்ணுக்குக் கண்ணு போச்சுடி.”

“போச்சு. நான் சொன்னா வந்துடுமா?”

கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். வைத்தது நல்லதாகப் போயிற்று.

என் மகள் வீடு திரும்பினாள். கன்னத்தில் மிளகு தூவிய மாதிரி வடு. வீட்டைவிட்டுப் போய்விடலாமா என்று நான் கேட்டதற்கு, “யாரு வீடு இது? நான் எதுக்குப் போகணும்?” என்றாள். மின்சாமான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தையோடு பேச்சை நிறுத்தவும் இல்லை. “அத்தை, உப்பு.” “அத்தை, கதவு.” அவ்வளவு பேச்சு. முன்பு இருந்த சிரிப்பு மட்டும் இல்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு என்ன, வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். “அவளும் பாவம், தனியாள். விட்டுக்கொடுத்துப் போங்க,” என்றாள் என் கணவரின் சித்தப்பா மகள். “உன் கண்ணுல ஒண்ணைக் கொடேன், விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம்,” என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

என் கணவர் தங்கையை ஒரே ஒரு முறை கேட்டார். “ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆபீசுக்குச் சொல்ல வேண்டாம். குழந்தைகிட்ட மட்டும் சொல்லிடு. அவ கை காஞ்சிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை.” “சொல்றேண்ணா,” என்றாள். அவர் நம்பினார். சாப்பாட்டு மேசையில் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவர் கை தட்டிலேயே நின்றுவிடும். அவள் தண்ணீர் கேட்பாள், இவர் மறுபடி சாப்பிட ஆரம்பிப்பார். அப்படியே காத்திருந்து காத்திருந்து ஒரு காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளும் அழுதாள். அண்ணா அண்ணா என்று அழுதாள். அண்ணன் கேட்டது அந்த வார்த்தை இல்லை.

அவள் ஓய்வு பெற்ற நாளில் கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். இவர் காலத்தில் ஒரு பொருள் கெட்டதில்லை, ஒரு பெரும் விபத்தைத் தன் கையால் தடுத்தவர் என்று துறைத் தலைவர் பேசினாராம். ஒரு பெரிய சூட்கேஸ் பரிசாகக் கொடுத்தார்கள். அதை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். சக்கரம் வாசற்படியில் சிக்கிக்கொண்டது. என் மகள் எழுந்துபோய்த் தூக்கிவிட்டாள். “எங்க போகப் போறீங்க அத்தை?” என்றாள். நாத்தனார் அதைத் தன் அறைக்குள் உருட்டிக்கொண்டு போனாள். அது இப்போதும் அவள் கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். மூவரும் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நாத்தனாரின் போன் அடித்தது. அவளுக்கு இப்போது காது மந்தம். என் மகள்தான் எடுத்து, எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்.

“மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். கீழ்த்தட்டுல ஒரு மணல் டின்னு இருந்துச்சு. மணலை மாத்தலாம்னு கொட்டினா உள்ள ஒரு பாட்டில். உங்க கையெழுத்து. பொட்டாசியம்னு போட்டிருக்கு.”

என் மகளின் கோப்பை அந்தரத்தில் நின்றது. விபத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து பழைய சரக்கை எல்லாம் எடுத்துப்போனார்கள் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அன்று வெடித்ததோடு கூட வந்ததில் ஒரு பாட்டிலை நாத்தனார் மணலுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். தூக்கி எறியவிட மனம் வரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு மேடம். எண்ணெய் நிறைய இருக்கு. உங்க கை பட்ட பொருள், கெடுமா? மேல மட்டும் மஞ்சளா இருக்கு. நாளைக்குக் கிளாசுக்கு வேணும்னு கேட்கறாங்க. மேல சீவிட்டு எடுத்துக்கலாம்ல?”

நாத்தனார் போனைப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். என் மகள் போனை எடுத்துப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விரலால் போனை மேசைமேல் மெல்ல அத்தையின் பக்கம் தள்ளினாள்.

“மேடம்? கேட்குதா? சீவலாம்ல?”

“தொடாதே,” என்றாள் நாத்தனார்.

“ஏன் மேடம்? எண்ணெய்க்குள்ளதானே...”

“எண்ணெய்ல இருந்தா ஆச்சுன்னு நினைக்காதே. பழசானா தானாக் கெடும். அந்த மஞ்சள்தான் கெட்டது. கத்தி பட்டா வெடிக்கும்.” தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “கை காஞ்சிருந்தாலும் வெடிக்கும்.”

எத்தனை வருஷம் என் வீட்டுக்காரர் காத்திருந்த வார்த்தை. யாரோ ஒரு பெண்ணுக்கு, முகம் தெரியாத பெண்ணுக்கு, சுளுவாக வந்துவிட்டது. அந்தப் பெண் கெட்டிக்காரி போலிருக்கிறது.

“மேடம், அப்போ முன்னாடி இங்க ஒரு அக்காவுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்வாங்களே. அவங்க கை ஈரம்னுதானே...”

நான் என் நாத்தனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளும் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. வரிசையில் தன் முறைக்கு நிற்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

“பாட்டிலை அங்கயே வச்சிடு. கதவைச் சாத்து. பெரியவங்க யாரையாவது கூப்பிட்டு, எடுத்துட்டுப் போக ஆளுங்களை வரச் சொல்லு. கத்தி வேண்டாம். புரிஞ்சுதா?”

“சரி மேடம். அந்த அக்கா...”

நாத்தனார் இரண்டு மூன்று தடவை அழுத்திப் போனை நிறுத்தினாள்.

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். என் மகள் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தாள். “அந்தப் பொண்ணு தப்பிச்சா,” என்றாள். பிறகு மூன்று கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அத்தையின் கோப்பையையும்தான்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது நாத்தனார் தன் வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. அது என் மகளுக்கு நேர் எதிரே இருப்பது. தன் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, மகளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யார் இருந்தாலும் என் மகளுக்குத் தெரியாது. தலையை முழுசாகத் திருப்பினால்தான் தெரியும். அவள் திருப்பவில்லை.

இப்போது என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள், அதே முன்னறையில். மூன்று வேளையும் அந்த இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.